மெல்ல ஓடக் கற்ற வரலாறு

ஓட்டம் யாரும் கற்றுத்தர வேண்டாத செயல் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நடை பழகிய குழந்தை சில மாதங்களில் தானே ஓடத் தொடங்கிவிடுகிறது. வேட்டைக்காகவும் போருக்காகவும் தூது சொல்லவும் மனிதன் ஓடிய கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. ஆனால் நாற்பது வயதைக் கடந்து, தொந்தி விழுந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஒருவர், பரிசுக்காகவும் அல்லாமல் பேருந்தைப் பிடிப்பதற்காகவும் அல்லாமல், உடல்நலம் ஒன்றையே கருதித் தெருவில் ஓடுவது மிகப் புதிய வழக்கம். அதன் வயது அறுபது ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல். அதற்குப் பிறந்த ஊர் உண்டு. பெற்றெடுத்தவர்களின் பெயர்களும் உண்டு. அதன் பாதையில் மருத்துவர்களின் அச்சமும் காவலர்களின் சந்தேகமும் ஒரு பெரிய மரணமும் குறுக்கிட்டிருக்கின்றன.

ஒலிம்பிக் பதக்கங்களின் வரலாற்றை நாம் நிறையவே படித்திருக்கிறோம். முதல் நாள் நூறு மீட்டர் ஓடி, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றவரின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய பக்கத்தில் நின்றுகொண்டு இக்கதையைச் சொல்லிப் பார்ப்பதே நம் நோக்கம்.

படுக்கையும் நாற்காலியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, இதயத்தைத் தேய்ந்துபோகும் ஓர் இயந்திரமாகவே மருத்துவம் பெரிதும் கருதியது. மாரடைப்பு வந்தவருக்குப் பல வாரப் படுக்கை விதிக்கப்பட்டது. உண்பதற்கும் உடுப்பதற்கும்கூடப் பிறர் உதவ, அசையாது கிடப்பதே சிகிச்சை. பாஸ்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் 1952ல் இத்தகைய நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் அமர்த்தலாம் என்று எழுதியபோது, அதுவே துணிச்சலான யோசனையாகத் தோன்றியது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வருவதே புரட்சியாக இருந்த காலத்தில் ஓட்டத்தைப் பற்றி யார் பேச முடியும்?

அதற்கு மறு ஆண்டு, 1953ல், ஜெர்ரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 'லான்செட்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ நாள் முழுதும் படியேறி இறங்குகிறார். இருவரும் ஒரே நிறுவனத்தார். ஏறத்தாழ ஒரே வகுப்பினர். ஆயினும் நடத்துநர்களிடையே இதயநோய் குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் இருந்ததை மாரிஸ் எண்ணிக்கைகளால் காட்டினார். படிக்கட்டு ஒருவரைக் காக்கிறது, இருக்கை மற்றவரைக் கொல்கிறது என்பதே இதன் பொருள். உட்கார்ந்து வேலை பார்க்கும் புதிய நடுத்தர வர்க்கம் பெருகிக்கொண்டிருந்த உலகுக்கு அது இனிய செய்தியாக இருந்திருக்க முடியாது.

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவருக்கு மருத்துவ ஆலோசனை வழங்கிய பால் டட்லி ஒயிட் உடலுழைப்பின் பெரும் ஆதரவாளர். அதிபர் மீண்டு வந்தார், கோல்ஃப் ஆடினார், மறு ஆண்டு தேர்தலிலும் வென்றார். இதயம் ஒருமுறை பழுதானவர் மறுபடியும் எழுந்து நடமாடலாம் என்பதை ஒரு நாடே கண்டது.

ஆனால் 'அசைய வேண்டும்' என்று அறிவதற்கும், 'எப்படித் தொடங்குவது' என்று அறிவதற்கும் இடையே பெரிய வெளி இருந்தது. ஐம்பது வயதுக்காரர் நாளைக் காலை எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓடலாம்? அதற்கான விடை மருத்துவமனையிலிருந்து வரவில்லை. உலக வரைபடத்தின் தென்கோடியில், காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது.

காலணித் தொழிலாளியின் பரிசோதனை

ஆர்தர் லிடியார்ட் 1917ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்தவர். ரக்பி ஆடியவர், தம்மை உடல் தகுதி மிக்கவராகவே எண்ணியிருந்தார். இருபத்தேழு வயதளவில், ஜாக் டோலன் என்னும் மூத்த ஓட்டக்காரர் அவரை ஐந்து மைல், அதாவது எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். லிடியார்ட் நிலைகுலைந்து போனார். இப்போதே இப்படியென்றால் நாற்பத்தேழு வயதில் நம் நிலை என்ன என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. பின்னாளில் உலகின் தலைசிறந்த பயிற்றுநர்களில் ஒருவரான மனிதர், ஒரு தொடக்கநிலை ஓட்டக்காரரின் மூச்சிரைப்பிலிருந்தே புறப்பட்டார் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு ஆய்வகம் இல்லை. தம் உடலையே ஆய்வகமாக்கிக்கொண்டார். வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினால் உடல் வளர்கிறது, எத்தனை ஓடினால் உடைகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்தார். அக்காலப் பயிற்றுநர்கள் பலர் குறுந்தூரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடச் செய்தபோது, லிடியார்ட் நேரெதிரான முடிவுக்கு வந்தார். முதலில் நெடுந்தூரம், மூச்சு முட்டாத வேகத்தில், பல மாதங்கள் ஓட வேண்டும். வேகம் பிறகு வரும்.

1960ல் ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். மற்றொரு மாணவர் பாரி மாகி மாரத்தானில் வெண்கலம் பெற்றார். ரக்பி விபத்தில் ஹால்பர்க்கின் இடக்கை செயலிழந்திருந்தது. மூவரும் ஆக்லாந்துக்காரர் ஒருவரிடம் பயிற்சி பெற்றவர்கள் என்றதும் உலகம் திரும்பிப் பார்த்தது.

இதன் பிறகே நம் கதையின் திருப்பம் வருகிறது. தங்கம் வாங்கித் தந்த முறையை லிடியார்ட் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் கொண்டுபோனார். ஆக்லாந்தின் தொழில் பிரமுகர்களிடையே அவர் பேசினார். அவர்களில் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் இருந்தனர். 1962ல், பின்னாளில் அந்நகரின் மேயரான காலின் கேயுடன் சேர்ந்து 'ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப்' உருவாயிற்று. இத்தகைய சங்கங்களில் உலகின் முதலாவது இதுவே என்று பரவலாகக் கருதப்படுகிறது. பழகு, ஆனால் உன்னை வருத்திக்கொள்ளாதே என்பதே லிடியார்டின் கொள்கை. உடன் ஓடுபவரோடு பேச முடியவேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

மெதுவாக ஓடுவது சோம்பேறிகளுக்கான சலுகை என்று தோன்றலாம். அதில் தெளிவான உடலியல் இருக்கிறது. மூச்சு முட்டாத வேகத்தில் தசை கேட்கும் உயிர்வளியை இரத்தத்தால் கொடுத்துவிட முடிகிறது. அந்த நிலையில் உடல் நெடுநேரம் இயங்குகிறது. வாரங்கள் செல்லச் செல்ல, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளித்தள்ளக் கற்கிறது. தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. வேகமாகப் பாய்ந்தால் சில நிமிடங்களிலேயே நின்றுவிட நேர்கிறது. மாறுவதற்கு வேண்டிய அவகாசம் உடலுக்குக் கிடைப்பதில்லை. ஒலிம்பிக் வீரரின் உடலுக்கும் இதயநோயாளியின் உடலுக்கும் விதி ஒன்றுதான், அளவுதான் வேறு என்று உணர்ந்ததே லிடியார்டின் பெருமை.

பவர்மன் பின்தங்கிய நாள்

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தவர் பில் பவர்மன். அவருடைய மாணவர் நால்வர் 1962ல் நான்கு மைல் தொடரோட்டத்தில் நியூசிலாந்தின் உலகச் சாதனையை முறியடித்தனர். அதைத் தொடர்ந்து வந்த அழைப்பின்பேரில் அவ்வாண்டு டிசம்பரில் பவர்மன் நியூசிலாந்து சென்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிடியார்ட் அவரைத் தம் சங்கத்தாருடன் ஓட அழைத்தார். கார்ன்வால் பூங்காவில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களுமாக ஒரு கூட்டம் நின்றது. பவர்மனுக்கு அப்போது 51 வயது. தம் உடல் நல்ல நிலையில் இருப்பதாகவே நம்பினார்.

மேட்டில் ஏறத் தொடங்கியதும் அந்நம்பிக்கை தகர்ந்தது. கூட்டம் முன்னே போய்விட்டது. எழுபதைத் தாண்டிய, பலமுறை மாரடைப்பு கண்டு மீண்ட முதியவர் ஒருவர், பவர்மனுக்குத் துணையாகத் தாமும் பின்தங்கி அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். வீரர்களை உருவாக்குபவர் தாம் வீரரல்லர் என்று அறிந்த தருணம் அது. வேறொருவராக இருந்தால் அவமானத்தை மறைத்திருப்பார். பவர்மனோ அங்கே தங்கிய வாரங்களில் நாள்தோறும் ஓடினார். இடுப்பளவு சில அங்குலம் குறைந்து ஊர் திரும்பினார்.

1963ன் தொடக்கத்தில் யூஜின் நகரின் ஹேவர்ட் திடலுக்கு வருமாறு ஊராரை அவர் அழைத்தார். முதலில் வந்தவர்கள் சில டஜன் பேர்தாம். சில வாரங்களுக்குள் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியது. இங்கே பவர்மன் செய்த செயலே நம் மரியாதைக்குரியது. அவர் மகிழவில்லை, அஞ்சினார். இத்தனை நடுத்தர வயதினரில் எவரேனும் திடலிலேயே விழுந்து இறந்தால் என்ன செய்வது? எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். பின்னர் வால்டோ ஹாரிஸ் என்னும் இதயநோய் மருத்துவரைத் துணைக்கொண்டு, சிறு குழுக்களாகப் பிரித்து, யாருக்கு எவ்வளவு தகும் என்று சோதித்தார். ஒருநாள் உழைப்பு, மறுநாள் ஓய்வு அல்லது இலேசான ஓட்டம் என்ற அவருடைய முறை இங்கும் கைகொடுத்தது.

இவற்றின் விளைவாக, 1967ல் இருவர் பெயரிலும் 'ஜாகிங்' என்னும் சிறு நூல் வெளிவந்தது. வாசகரின் உடல்நிலைக்கேற்ப மூன்று வகைப் பன்னிரண்டு வாரத் திட்டங்கள் அதில் இருந்தன. தொடக்கம் முழுவதும் நடையும் ஓட்டமும் கலந்ததே. நூல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. ஓடத் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்ட இலக்கியம் என்ற ஒரு வகையே அதிலிருந்து கிளைத்தது எனலாம்.

மறு ஆண்டு, 1968ல், அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' நூலை வெளியிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் கடக்கிறார் என்பதைக்கொண்டு உடல்தகுதியை அளக்கும் சோதனை அவருடையது. பிரேசில் நாட்டில் அவருடைய முறை எந்த அளவுக்குப் பரவியதென்றால், அங்கே மெல்ல ஓடுவதற்கே 'கூப்பர்' என்று பெயர் விழுந்தது. ஒரு மனிதரின் பெயர் ஒரு வினையின் பெயராவது மொழி அளிக்கும் உயர்ந்த விருது. தமிழில் 'மெல்லோட்டம்' என்ற சொல் வழங்குகிறது. குதிரையின் அசைந்தாடும் நடையையும் குறித்த ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்க்காமல், 'மெல்' என்னும் அடையை முன்னிறுத்தியது நல்ல தேர்வு. இந்த வரலாற்றின் சாரமே அந்த அடைமொழியில் இருக்கிறது.

சாலை யாருடையது?

முறை கிடைத்தாயிற்று. ஓடுவதற்கு இடம் கிடைத்ததா? அறுபதுகளின் அமெரிக்காவில், வளர்ந்த ஆண் ஒருவர் துரத்துபவர் எவருமின்றித் தெருவில் ஓடினால் அது விசித்திரக் காட்சி. ஓடியவர்களைக் காவலர்கள் நிறுத்தி விசாரித்த செய்திகள் அக்காலப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. கார்களுக்கென்று அமைக்கப்பட்ட சாலையில் மனிதன் ஓடுவது ஒருவகை அத்துமீறலாகவே பார்க்கப்பட்டது.

ஆண்களுக்கு ஏளனம் என்றால், பெண்களுக்குத் தடையே இருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களின் 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. வீராங்கனைகள் மயங்கி விழுந்ததாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. ஓடி முடித்த எவரும், ஆணோ பெண்ணோ, களைத்துப் படுப்பது இயல்பு. ஆயினும் அதைக் காரணங்காட்டி அப்போட்டி 1960வரை ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

லிடியார்டின் ஆக்லாந்தில் 1964ல் மில்லி சாம்ப்சன் என்பவர் மாரத்தான் தூரத்தை 3 மணி 19 நிமிடம் 33 வினாடிகளில் ஓடிக் காட்டினார். அமெரிக்காவில் பாபி கிப், பெண்களுக்கான ஓட்டக் காலணிகளே இல்லாத அக்காலத்தில், செவிலியர் அணியும் காலணிகளோடு தனியே பயிற்சி செய்தார். 1966ல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தபோது, பெண்ணுடல் அதற்கு ஏற்றதன்று என்ற பதில் வந்தது. தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தில் கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு, முதலெழுத்துகளை மட்டும் குறிப்பிட்டுப் பதிவுசெய்து 261 என்ற எண்ணைப் பெற்ற கேத்ரின் ஸ்விட்சரை, ஓட்டத்தின் நடுவே அமைப்பாளர் ஒருவர் பிடித்து இழுத்து எண்ணைப் பறிக்க முயன்றார். அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. 1972ல்தான் பாஸ்டன் பெண்களை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1984ல்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது.

இவற்றைத் தொடக்கநிலை ஓட்டத்தின் வரலாற்றில் ஏன் சொல்கிறோம்? இதயநோயாளியைப் படுக்கையில் கிடத்திய வாதமும் பெண்ணைச் சாலையிலிருந்து விலக்கிய வாதமும் ஒன்றே: 'உன் உடல் இதற்கானதன்று.' முதல் நாள் ஓடப் போகும் ஒவ்வொருவர் காதிலும் இன்றும் ஒலிப்பது அக்குரல்தான்.

ஒரு மரணம்

ஜிம் ஃபிக்ஸ் ஒரு பத்திரிகையாளர். 1967ல், முப்பத்தைந்து வயதில், பருத்த உடலும் நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டுமாக இருந்தவர் ஓடத் தொடங்கினார். உடல் இளைத்தது, சிகரெட் போயிற்று. 1977ல் அவர் வெளியிட்ட ஓட்டம் பற்றிய நூல் பெரும் விற்பனை கண்டது. சாதாரண மனிதரின் ஓட்டத்துக்கு அவரே முகமானார். 1984 ஜூலை 20 அன்று, வெர்மான்ட் மாநிலத்தின் ஒரு சாலையில் ஓடும்போது மாரடைப்பால் இறந்தார். வயது 52.

ஓட்டத்தை வெறுத்தவர்கள் இதை விடாமல் பற்றிக்கொண்டனர். ஆனால் பிணக்கூறாய்வில் அவருடைய இதயத் தமனிகள் கடுமையாக அடைபட்டிருந்தது தெரிந்தது. அவருடைய தந்தை முப்பத்தைந்து வயதில் முதல் மாரடைப்பைக் கண்டு, நாற்பத்து மூன்றில் இறந்தவர். மகன் தந்தையைவிட ஒன்பதாண்டு கூடுதலாக வாழ்ந்தார். அதில் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, சிகரெட்டை விட்டதன் பங்கு எவ்வளவு என்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஓட்டம் கவசமன்று என்பது மட்டும் உறுதி. குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்களும், நெடுங்காலம் புகைத்தவர்களும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். ஓடுகையில் நெஞ்சில் அழுத்தம் தோன்றினால் நிற்க வேண்டும். பவர்மன் 1963ல் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பியதன் நியாயம் இருபதாண்டுகள் கழித்து உலகுக்கு விளங்கியது.

அறுபது வினாடிகள்

1996ல் ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர், ஐம்பதைத் தாண்டிய தம் தாயை மனத்திற்கொண்டு, ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்து இணையத்தில் வெளியிட்டார். முதல் வாரம் மூன்று நாள் மட்டும். ஐந்து நிமிட நடைக்குப் பின் அறுபது வினாடி ஓட்டம், தொண்ணூறு வினாடி நடை; இதையே இருபது நிமிடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒன்பதாம் வாரத்தில் முப்பது நிமிடம் நிற்காமல் ஓடலாம். சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு என்ற பொருளில் அதன் பெயர் அமைந்தது. பிரிட்டனின் பொதுநல மருத்துவத் துறையே பின்னர் அதை ஏற்றுப் பரப்பியது.

இத்திட்டத்தின் நுட்பம் அதன் கஞ்சத்தனத்தில் இருக்கிறது. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் தசைநாணும் எலும்பும் உறுதிப்படப் பல மாதங்கள் வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூச்சு சீரானதும் உற்சாகத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குபவர், நான்காம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே வலி கண்டு நின்றுவிடுகிறார். குற்றம் அவருடைய உடலில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. பவர்மன் தம் மனைவியின் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றிக் காலணி அடிப்பாகம் செய்து பார்த்தது 1971ல். அவர் இணைந்து நிறுவிய நைக்கி நிறுவனமும் பிறவும் அதன்பின் பெரும் சந்தையை எழுப்பின. நல்ல காலணி பயனுள்ளதே. ஆனால் பொறுமை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

2004 அக்டோபரில், லண்டன் அருகே புஷி பூங்காவில், காயத்தால் ஓட முடியாதிருந்த பால் சின்டன்-ஹெவிட் என்பவர் நண்பர்களுக்காகக் கட்டணமில்லா ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை நடத்தினார். வந்தவர்கள் 13 பேர். 'பார்க்ரன்' என்ற பெயரில் அது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது லிடியார்ட் காலமானார். வயது 87.

பார்க்ரன்னில் பங்கேற்பவர்களின் சராசரி நேரம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அதாவது, கூட்டம் மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அமைப்பினர் அதைப் பெருமையோடு சொல்கிறார்கள். முன்பு ஓடத் துணியாதவர்கள் இப்போது வருகிறார்கள் என்பதே அதன் பொருள். எவரும் கடைசியாக வந்தோம் என்று கூசாதிருக்க, எல்லோருக்கும் பின்னால் தன்னார்வலர் ஒருவர் நடந்து வருகிறார். கார்ன்வால் பூங்காவில் பவர்மனுக்காகப் பின்தங்கிய அந்த முதியவர் 1962லேயே செய்தது இதைத்தான்.